ஊதா ஜன்னல்

கெமி நகரத்தில் ஜனவரி வெயில்
பதினொன்றுக்கு வந்து
மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல்
கிளம்பிவிடுகிற விருந்தாளி.
ஆகவே படுக்கையறை ஜன்னலில்
நானே ஒரு சூரியனைத் தொங்கவிட்டேன்.
நாற்பத்தொன்பது யூரோ. ஊதா நிறம்.

தயிர்க் கோப்பைகளில் முப்பத்தாறு தக்காளி விதைகள்.
அடியில் வெய்யோவின் சூட்டுப் பட்டை,
முதுகுவலிக்கென்று வாங்கியது.
"எனக்கு?" என்றான்.
"முளைக்கட்டும், தருகிறேன்."

இரவு மூன்று மணிக்குப்
பனி வாரும் வண்டியை எடுக்கிறேன்.
கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்,
குளிர்காலத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் திரும்பினால்
அது எனக்கு முன்னால் வந்து
வாசலில் கிடக்கும்.
பூட்ஸோடு ஓடிப்போய்க் கோப்பைகளைப் பார்ப்பேன்.
மண். மண். மண்.
ஒன்பதாம் நாள்
கொக்கி மாதிரி வளைந்த ஒரு கழுத்து,
விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு.
தூங்கியவனை எழுப்பிக் காட்டினேன்.
"இதுக்கா?" என்று கேட்டுவிட்டு
வெகுநேரம் குனிந்தே நின்றான்.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
அவை ஓடுகின்றன என்பதுதான்.
ஒரு வாரத்தில் விரல் நீளம்,
வெளுத்து, மெலிந்து,
வெளிச்சத்தைத் துரத்தி.
வளர்கின்றன என்று பூரித்துப் போயிருந்தேன்.

அழைப்பு மணி. இரண்டு போலீஸ்.
இரவெல்லாம் ஊதா வெளிச்சம் என்று
யாரோ சொன்னார்களாம்.
இளையவன் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தான்,
முகம் விழுந்துவிட்டது.
"தக்காளி."
"தக்காளிதான்."
கவுகோனென் என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தவள்
முழங்காலிட்டுப் பார்த்தாள்.
"நெட்டை போட்டிருக்கே. விளக்கு தூரம்.
ஒரு சாண் இறக்குங்கள்."
கடைசிக் கோப்பையருகே தயங்கினாள்,
பல் வெட்டு இல்லாத மழமழ இலை அதற்கு,
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
வாக்கிடாக்கி அவளைக் கூப்பிட்டது.

இறக்கினேன். தண்டு தடித்தது.
அந்தக் குஷியில் தண்ணீரை அள்ளி ஊற்றினேன்.
மார்ச்சில் ஒரு காலை
பதினான்கு நாற்றுகள் படுத்துக் கிடந்தன,
மண்ணைத் தொடும் இடத்தில்
ஒவ்வொன்றின் கழுத்தும் நூலாகி.
நாற்றழுகல் என்று பெயராம்.
பெயர் தெரிந்து என்ன செய்ய?
பிறகு குட்டிக் கருப்பு ஈக்கள்,
வெய்யோவின் காப்பியில் இரண்டு.
அவன் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தான்.
அன்றுதான் பட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

மே மாதம் பால்கனிக்குத் தூக்கினோம்.
முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி,
பிள்ளையைப் பள்ளிக்குப் பழக்குவதுபோல.
ஒரு சனிக்கிழமை சௌனாவில் உட்கார்ந்து மறந்துபோனேன்.
நிஜச் சூரியன்
ஏழு செடிகளைக் காகிதமாக வெளுத்துவிட்டது.
நாற்பத்தொன்பது யூரோவுக்கே பழகியவை,
பாவம்.

ஜூன் பதினொன்று.
மிச்சத்தைத் தோட்டத் துண்டில் நட்டு மூன்று நாள்.
வானொலி சொன்னது: இரவு உறைபனி.
படுக்கை விரிப்பு, மேசைத் துணி,
வெய்யோவின் கல்யாணக் கோட்டு,
எல்லாவற்றையும் மூடிவிட்டு
இருட்டாத இரவில்
வாளிமேல் உட்கார்ந்திருந்தேன்.
டன் கணக்கில் பனி தள்ளியவள்
அரை விரல்கடைப் பனிக்கு
என்ன செய்வதென்று தெரியாமல்.

கோட்டுக்கடியில் நான்கு பிழைத்தன.

மழமழ இலைக்காரனை நடவில்லை.
தொட்டியோடு தூக்கிப்போய்
கீழ்வீட்டு சிர்க்கா வாசலில் வைத்தேன்.
யார் போலீஸுக்குச் சொன்னது என்று
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று
அவளுக்கும் தெரியட்டும்.

ஆகஸ்டில் மணி அடித்தது.
சிர்க்காதான். கையில் தொட்டி, கண்ணில் நீர்,
உதடு வீங்கியிருந்தது.
"இது தக்காளி இல்லை. மிளகாய்."
அவளிடமிருந்து இரண்டாவது புகார்.
பால் கொடுத்து உட்கார வைத்தேன்.

ஏழு மாதம்
தக்காளி, தக்காளி என்று
அதைக் கூப்பிட்டிருக்கிறேன்.
ஒரு நாள்கூட மறுக்காமல்
வளர்ந்துகொண்டே இருந்தது.