துண்டு விழும் பக்கம்

நம் மொழியில் இதற்கு ஒரு சொல் உண்டு.
துண்டு விழுகிறது என்போம்,
தோளிலிருந்து நழுவியதைப் போல,
குனிந்து எடுத்துக்கொள்ளலாம் போல.
வியன்னாவில் ஒட்டோகார் வெஸ்ஸெலிக்கு
அந்தச் சௌகரியம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு.
உப்பு, புகையிலை வருவாய்ப் பிரிவு, மூன்றாம் மாடி.
பேரரசர் காலத்தில் அச்சான பேரேடு.
இரட்டைத்தலைக் கழுகின்மேல்
குடியரசின் ரப்பர் முத்திரை,
அடியில் இன்னும் நான்கு நகங்கள் தெரிகின்றன.
தொகை எழுத எட்டுக் கட்டங்கள்.
கோடையில் எட்டு போதவில்லை.
ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டினார்கள்,
மூன்று பூஜ்யங்கள் தங்கிக்கொள்ள.
அக்டோபரில் அந்தத் துண்டுக்கும் ஒரு துண்டு.
மூடி வைத்தால் பேரேடு
நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

வரவை மிஞ்சிய செலவுக்குச் சிவப்பு மை.
போன வருடம் மூன்று புட்டி.
இந்த வருடம் ஆகஸ்டுக்குள் பத்தொன்பது.
இருபதாவதைக் கேட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது:
சிக்கனம் கருதி மறுக்கப்படுகிறது.
மறுத்த கையெழுத்து சிவப்பில் இருந்தது.
யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஹெர்மீனே பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை
மருந்துக் குப்பியில் வடித்துக் கொடுத்தாள்,
நிறம் நிற்கக் கொஞ்சம் காடி.
குடியரசின் பற்றாக்குறை
ஒரு வாரம் ரோஜா நிறத்தில் இருந்தது,
பிறகு தேநீர்க் கறை.
"இத்தனை கோடி இல்லை என்கிறீர்களே,
இருந்தபோது அது எங்கே இருந்தது?"
அவர் குப்பியின் மூடியைத் திருகினார்.

அவள் தம்பி லாம்பெர்ட்டுக்குக் குடைத் தொழிற்சாலை.
அவன் ஏட்டில் சிவப்பே கிடையாது.
வசந்தத்தில் நானூறு குடை விற்றான்,
அறுபது மடங்கு லாபம்,
வரியும் கட்டினான்.
பிறகு துணி வாங்கப் போனான்.
அத்தனை பணத்துக்கும்
எழுபது குடைக்குத் துணி வந்தது,
கம்பி வரவில்லை.

ஞாயிறு மத்தியானம்
நஷ்டக்காரரும் லாபக்காரனும்
ஒரே கிண்ணத்துப் பீட்ரூட்டைத் தின்றார்கள்.
"அத்தான், நீங்கள் இல்லை என்று எழுதுகிறீர்கள்,
நான் இருக்கிறது என்று எழுதுகிறேன்.
சம்பளம் உங்களுக்குத்தான் வருகிறது."
"உப்பை இப்படித் தள்ளு" என்றார் வெஸ்ஸெலி.

ஜெனீவாவில் கடன் கிடைத்தது.
கடனோடு நிபந்தனை,
நிபந்தனையோடு பட்டியல்:
பிரிவுக்கு இவ்வளவு சம்பளம் குறைய வேண்டும்.
கூட்டிக் கழிக்கும் வேலை அவருக்கே வந்தது.
விதவை ஸ்டாட்ல்மையர், சம்பளம், பஞ்சப்படி.
இட்டலி எல்லையில் காலை விட்டுவந்த ப்ரோஹாஸ்கா:
சேர்த்தார், அடித்தார்,
பீட்ரூட் சாற்றால் அடித்ததால்
பெயர் அடியில் தெரிந்துகொண்டே இருந்தது,
மறுபடி சேர்த்தார்.
பதினொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் இடித்தது.
யாருடைய சம்பளம் அந்த இடுக்கில் பொருந்தும்
என்று விரலை ஓட்டினார்.
மூன்றாம் நிலைக் கணக்கர் ஒருவர்,
இருபத்தாறு வருட சேவை.
எழுதிக் கூட்டினார்.
சரியாக வந்தது.
கடைசிக் குரோனென் வரைக்கும் சரி.
போர் தொடங்கிய நாளிலிருந்து
அந்த மேசையில் எதுவும் சரியாக வந்ததில்லை.
ஒரு கணம் கைகளைத் தேய்த்துக்கொண்டார்,
குளிருக்கு அல்ல.
அப்புறம்தான் பெயரைப் படித்தார்.

கடைசி நாள், பாதிப் படிக்கட்டு இறங்கித்
தெருவுக்கும் வந்த பிறகு ஞாபகம்:
கூட்டுத்தொகைமேல் ஒற்றுத்தாள் வைக்கவில்லை.
திரும்பி ஓடினார்.
வாயில்காரன் அனுமதிச் சீட்டு கேட்டான்.
அதைக் காலையிலேயே ஒப்படைத்தாயிற்று.
"ஒரு நிமிஷம், மை ஈரமாக இருக்கிறது" என்றார்.
வாயில்காரன் அவர் விரல்களைப் பார்த்தான்,
சமையலறையில் வேலையோ என்பதுபோல.

மேலே யாரோ பேரேட்டை மூடியிருப்பார்கள்.
ஈரம் எதிரே பட்டிருக்கும்,
இடவலம் மாறி,
வரவுப் பக்கத்தில்,
அதே தொகை.