வரவு செலவில் இல்லாத தட்டு

பினாங்கிலிருந்து வந்தவர் முதலில் கும்பிட்டார்.
பிறகு கேட்டார்: கவிழ்த்துப் பார்க்கலாமா?

பீடோங்கில், செம்பனை லோரிகள் திரும்புகிற முனையில்
எங்கள் முனீஸ்வரனுக்கு ஒரு நீலத் தட்டு.
வெள்ளைத் தட்டு என்பார் பூசாரி அங்கப்பன்.
நிறைந்திருக்கையில் மட்டும் பார்க்கிறவர் அவர்.
நான் பொருளாளர், தீரும்போது பார்ப்பவள்.
வியாழன் சாயங்காலம் நீறு வற்ற வற்ற
முதலில் ஒரு துடுப்பு, அப்புறம் செதில்,
கடைசியாகக் கண்.
மீனுக்குக் கண் தெரிந்தால் புதுப் பொட்டலம் பிரிக்கவேண்டும்.
அவ்வளவுதான் அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

நீற்றை நாளிதழில் கொட்டினோம்.
யாரோ ஒரு அமைச்சரின் நெற்றி நிறைந்தது.

அடியில் இரட்டை வட்டம்.
உள்ளே ஆறு எழுத்து,
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் எழுதியது போல.
வந்தவருக்குப் படிக்கத் தெரியும்.
ஆனாலும், மில்லில் எடைமேடைக்காரி நான்,
லோரிக்காரன் சொல்லும் எடையை
எழுதிப் பழக்கமில்லை.

இரும்புக்கடை லிம் சுவீ கியாட்டை அழைத்தோம்.
கண்ணாடி போட்டார், கழற்றினார்.
"நான் மலாய்ப் பள்ளிக்கூடம், அக்கா" என்றார்,
சுத்தமான தமிழில்.

கடைசியில் தலைவர் தண்டபாணியின் மகன் கவினேஷ்,
சீனப்பள்ளியில் நான்காம் ஆண்டு,
மைலோ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
இடப்பக்கம் தொடங்கிய விரலை
வந்தவர் பேசாமல் வலப்பக்கம் நகர்த்திவிட்டார்.

பெரிது.
வெளிச்சம்.
ஆவது.
மாறுவது.
வருடம்.
ஆறாவது எங்கள் புத்தகத்தில் இல்லை, என்றான்.

"செய்தது" என்றார் வந்தவர்.
"சேர்த்துப் படித்தால் ஒரு ராஜாவின் காலம்.
ஆனால் அது பொய்.
ராஜா செத்து இருநூறு வருடம் கழித்து
எவனோ பெயரைப் போட்டுவிட்டான்.
தட்டுக்கு முந்நூறு வயது. அது மட்டும் நிஜம்."

தண்டபாணி வயிறு குலுங்கச் சிரித்தார்.
அவர் அடையாள அட்டையில் பெயர் நிஜம், வயதுதான் பொய்.
கிராணி பேனாவை எடுத்த ஒரு முதல் தேதியில்
அவர்கள் லயத்தில் பதினோரு பேர் பிறந்தார்கள்.

தட்டு எப்படி வந்தது?
கங்சி சமையல்காரன் நேர்த்திக்கடன், என்றார் ஒருவர்.
கித்தா மரம் தள்ளும்போது வேரோடு வந்தது, இன்னொருவர்.
லோட்டரி அடித்தவன் வைத்தது என்றும் ஒரு பேச்சு.
என் கணக்குப் புத்தகத்தில்
குத்துவிளக்கு இரண்டு, மைக் செட் ஒன்று,
பிளாஸ்டிக் நாற்காலி பதினான்கு, அதில் ஒன்று கால் உடைந்தது.
தட்டு இல்லை.

ஏழாயிரம் ரிங்கிட்.
விளிம்பிலிருந்து மீனின் வால்வரை மயிரிழை விரிசல்,
அது இல்லாவிட்டால் மேலே போகுமாம்.
விரிசலுக்குள் நீறு இறுகியிருக்கிறது;
மருந்தில் ஊறவைத்து உருவிவிடலாமாம்.

எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.
தகரத்தில் ஓட்டை, அரிவாளில் துரு.
முனியிடமே கேளுங்கள், என்றார் அங்கப்பன்.
கேட்டோம்.
வெளியே ஒரு லோரி ஹார்ன் அடித்தது.
சரி என்கிறார் என்றது ஒரு கட்சி,
வழியை விடு என்கிறார் என்றது மறு கட்சி.
கூட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது.

எல்லோரும் போனபின் குழாயடியில் கழுவினேன்.
மீன் இவ்வளவு பெரிதென்று அன்றுதான் தெரியும்.
தண்ணீர் நிரப்பி உயரத் தூக்கினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் அடியில் ஒரு சொட்டு, நான்காம் எழுத்தின்மேல்,
விழாமல், கொஞ்ச நேரம்.

துடைத்து, புதுப் பொட்டலம் பிரித்துக் கொட்டினேன்.
வால் போனது, செதில் போனது.
கண்ணுக்கு மேல் மட்டும் விரலால் தள்ளவேண்டியிருந்தது.
அவர் தந்த அட்டை உண்டியலுக்கு அடியில் இருக்கிறது.
நாளைக்கு வெள்ளிக்கிழமை.