மஞ்சள் பொட்டு

என் ஜென்னுக்கு இருபத்தாறு வயது.
தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே
நாலு விரல் போகும்.
மோதிரம் போட்டிருந்தால் மூன்று.

ஸ்பிரிங்கை அறுத்தது நான்தான்.
சம்பளம் வாங்கிய முதல் வருடம்,
லிங்கராஜபுரத்தில், நயாஸின் ஷெட்டில்,
பொறி பறக்க ஒன்றரைச் சுற்று.
தாழ்ந்து போவதில் தவறில்லை என்று
சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டில்
இந்தத் தாழ்வை மட்டும் யாரும் ரசிக்கவில்லை.

மர்பி டவுனிலிருந்து மருத்துவமனை வரை
பதினேழு வேகத்தடை.
மாதா கோயில் முன்னால் இருப்பதைக்
கோணலாகத்தான் ஏற வேண்டும்:
முதலில் இடது சக்கரம், பிறகு மூச்சு, பிறகு வலது.
பால் பூத் எதிரே இருப்பது
மாநகராட்சி மறந்துவிட்டுப் போன மலை.
அங்கே மட்டும் பின்னால் இருப்பவரை
இறங்கி நடக்கச் சொல்வேன்,
அம்மாவானாலும் சரி.

மறுபதிவுக்கு நாள் வந்தது.
"கம்பெனி விட்ட உயரத்துல நிக்கணும்க்கா,
ஒரு இன்ச் கம்மின்னாலும் தொரத்திருவாங்க" என்ற நயாஸ்
சாக்கிலிருந்து எடுத்து வைத்தான்
அறுபடாத நான்கு ஸ்பிரிங்.
அவனிடம் வரும் ஒன்பது ஜென்களுக்கும்
அது ஒன்றுதான் நல்ல உடுப்பு.
பெண் பார்க்க வரும் அன்றைக்கு மட்டும்
கழுத்தில் ஏறும் இரவல் சங்கிலி மாதிரி.
வாடகை எண்ணூறு.
மாலைக்குள் திருப்பித் தர வேண்டும்.
வெள்ளிக்கிழமை கிளமெண்டின் சிவப்பு வண்டிக்கு முறை.

சைலன்சரை மாற்றினோம்.
கண்ணாடியின் கறுப்புத் தாளை
வெந்நீர் ஊற்றி உரித்தோம்.
வண்டி நின்றது,
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
சேறு தாண்டப் போகிறவனைப் போல.
எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் பெயர் ருத்ரமுனி.
ஹாரன் கேட்டார், வைப்பர் பார்த்தார்,
சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப்
பென்சிலால் தேய்த்து எடுத்தார்.
பிறகு சக்கரத்துக்கு மேலே டார்ச் அடித்தார்.
அங்கேயே நின்றுவிட்டது வெளிச்சம்.

"இந்த மஞ்சப் பொட்டு நான் வெச்சதும்மா.
ஏப்ரல்லே, ஒரு வெள்ளை வண்டிக்கு.
ஜூன்லே பாத்தேன், நீல வண்டியிலே இருந்துச்சு."

இரவில் டயாலிசிஸ் மெஷின் கத்தினால்
எந்தப் பொத்தானை அழுத்துவதென்று
தூக்கத்திலும் தெரியும் எனக்கு.
இதற்குப் பொத்தான் இல்லை.

அவர் திட்டவில்லை.
சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் பேனாவை எடுத்தார்.
மண்ணில் ஒரு முழங்காலை ஊன்றி,
சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர் போல,
ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் எழுதினார்
என் வண்டியின் எண்ணை.
கடைசி எழுத்துக்கு ஊதினார்கூட.
"இனிமே இது ஊர் சுத்தாது."
அப்புறம்தான் கையெழுத்து.

திரும்பி வரும்போது
அறுத்த பழைய ஸ்பிரிங் நான்கும்
டிக்கியில் உருண்டுகொண்டே வந்தன,
ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டி.
மாதா கோயில் முன்னால்
பழக்கத்தில் கோணலாகத்தான் ஏறினேன்.
எதுவும் உரசவில்லை.
உரசாதது காதில் கேட்டது.

நயாஸ் மூன்று தடவை அழைத்துவிட்டான்.
நாலாவதில் எடுத்துச் சொன்னேன்.
சிரித்தானா, கெட்ட வார்த்தையா, புரியவில்லை.
"தின்னர் இருக்குக்கா. தொடச்சா போயிரும்.
நைட்டே வரவா?"

எட்டிப் பார்த்தேன்.
இத்தனை வருடம் என் வண்டியைச்
சுற்றிக்கொண்டே போன தெரு நாய்
குனிந்து, முகர்ந்து,
அடியில் நுழைந்து படுத்திருந்தது.
வால் மட்டும் வெளியே.

ஐந்து வருடம் செல்லும் என்கிறது காகிதம்.
வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கிறது.
ஜாக்கி வைக்க வேண்டுமென்றால்
முதலில் அதை எழுப்ப வேண்டும்.