இடது பக்கம்

சத்துவாச்சாரி, மூன்றாம் மாடி.
மே வெயிலில் தட்டுகள் வளையாமலிருக்க
ஜன்னலுக்கு அட்டை அடித்திருக்கிறேன்.

ராணிப்பேட்டைத் தோல்ஷாப்பில்
பதினோரு வருடம் சுற்றிய மர டிரம்
இடது காதைத் தின்றுவிட்டது.
அப்புறம் ஹெட்போனில்
பாடகன் இருந்தான்,
கிதார்க்காரன் வெளியூர் போயிருந்தான்.
ஸ்பீக்கருக்கு வழியில்லை:
நைட் டூட்டி முடித்த தில்ஷாத்
பகலெல்லாம் தூங்குவாள்.

மோனோவில் மறுபதிப்பு வருகிறதென்று
சீட்டுப் பணத்தில் கைவைத்தேன்.
சுங்க வரியோடு நாலாயிரத்து இருநூறு.
"டைல்ஸா சார்?" என்றான் கூரியர் பையன்.
இதே ஆல்பம்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்பாள்.
இருக்கிறது. பாதி.

ஊசி இறங்கியது.
நான்கு பேரும்
காட்பாடி ஷேர் ஆட்டோவில் ஏறியதுபோல
இடித்துக்கொண்டு
வலது காதுக்குள் வந்து உட்கார்ந்தார்கள்,
பேஸ்காரன் யார் மடியிலோ.

தில்ஷாத் எழுந்து வந்தது தெரியவில்லை.
சும்மா கிடந்த இடது பக்கத்தை
என் காதிலிருந்து இழுத்து
தன் காதில் வைத்துக்கொண்டாள்.
எனக்குக் கேட்டதுதான் அவளுக்கும்,
துளி கூடவுமில்லை, குறையவுமில்லை.

பாட்டு முடியும்வரை நின்றாள்.
பிறகு வலப்பக்கம் சுற்றி வந்து
"டிரம் சத்தம் ஜாஸ்தி" என்றாள்.