கண்ணி

பாண்டியன் நகர் தாண்டினால்தான்
பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.
அதற்குள் அன்றைக்கு நடந்ததில் பாதி போயிருக்கும்.
மீதியைப் பெருவிரலால் எழுதுகிறேன்.

ஒரு குறிப்புக்கு ஒரு சங்கதி, இது நான் போட்ட சட்டம்.
"மயில்கழுத்து, மூணாந் தடவை, சாம்பல் அடிக்குது."
"செவ்வாய் லாரித் தண்ணி. ஆர்ஓ கழுவுறாங்க."
"சோடா மூட்டை புதுக் கம்பனி."
இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பேரைப் போட்டால்
அந்தப் பேருக்கு ஒரு கதவு வந்துவிடும்.
ஆப்பில் லிங்க் என்று போட்டிருக்கிறது.
நிட்டிங்கில் நாலு வருஷம் இருந்தவள் நான்,
என் வாய்க்கு அது கண்ணி.
தட்டினால் அந்தப் பக்கம்
போன வருஷத்து நான் உட்கார்ந்திருப்பேன்,
எல்லாம் தெரிந்தவளாக,
எழுத்துப் பிழையோடு.

லேபில் சிரிப்பார்கள்.
"நோட்டுப் போட்டா சாயம் ஏறுமாக்கா?"
டையிங் மாஸ்டர் அவிநாசியப்பனுக்கு
முப்பது வருஷத்து ஷேடும் தலைக்குள் இருக்கிறதாம்.
இருக்கட்டும்.
அவருக்கு யாரும் வேலை நடுவில் போன் பண்ணி
கேஸ் வந்துச்சா என்று கேட்பதில்லை.

மாரியாத்தா நோம்பிக்கு முந்தின வாரம்
நானூறு கிலோ மயில்கழுத்து கெட்டது.
பையர் ஆள் விளக்குப் பெட்டிக்குள் துணியை வைத்தார்,
ஒரு வார்த்தை பேசாமல் எடுத்தார்.
அன்றிரவு பையன் தூங்கினதும்
கதவு கதவாகத் திறந்து போனேன்.
லாரித் தண்ணி பதினோரு நாள்.
கெட்டது நாலே நாள்.
மிச்ச ஏழு நாள்?
தண்ணிமேல் போட்ட பழி
தண்ணியில் நிற்கவில்லை.
சாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குறிப்பு,
ஸ்வீட் பாக்ஸ் கணக்குக்காக எழுதியது:
"பிகாஷ் ஊருக்கு. தங்கச்சி கல்யாணம்."
இன்னொன்று: "பிகாஷுக்குக் காச்சல்."
நாலு தேதியும் ஒத்து வந்தன.

மறுநாள் கேட்டேன்.
ஒடிசாக்காரன், எங்களைவிட நன்றாக
'ங்க' போட்டுச் சொன்னான்:
"சோப்பு கரைச்சுப் பாப்பனுங்க்கா.
நுரை நிக்கலீன்னா ஒரு பிடி சேத்திப் போடுவனுங்க."
எதை?
நீல டப்பாவைக் காட்டினான்.
எந்த ரெசிபிச் சீட்டிலும் இல்லாத பிடி.
"பிடின்னா எத்தன கிராம்?"
கையை விரித்தான்,
அவனே முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தான்.
தராசில் போடச் சொன்னேன். அறுபத்தெட்டு.
இன்னொரு தொட்டிக்கு. எண்பத்தொன்று.
"அந்தத் தண்ணி வேறைங்க்கா."

'பிகாஷின் பிடி' என்று ஒரு குறிப்புத் திறந்தேன்.
ஒன்பது குறிப்புகள் அதைப் பார்த்து வருகின்றன.
உள்ளே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
அவன் சம்பளத்தை மட்டும்
முதலாளியிடம் பேச வேண்டும் என்று
வேறொரு குறிப்பில் இருக்கிறது.

பின்னல் துணியில் ஒரு கண்ணி நழுவினால்
கீழ்வரைக்கும் ஏணியாகப் பிரியும்.
இன்றைக்கு பஸ்ஸில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்:
புள்ளிகள், நடுவே மயிரிழைகள்,
ஷேடு, கேஸ், பையனின் இளைப்பு, வாடகை,
எல்லாம் எங்கெங்கோ சுற்றித்
தண்ணிக்கு வந்து சேர்கின்றன.
ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும்
ஒரு இழையும் இல்லாமல்.
தட்டினேன்.

"சொல்லிடு."

அவ்வளவுதான். முந்தாம் வருஷத்து ஆடி,
ராத்திரி ஒண்ணு பத்து.

யாரிடம்?
அந்த மாசத்துக் குறிப்புகளை எல்லாம் திறந்தேன்.
சோடா, உப்பு, கரண்ட் பில், சோடா.
அன்றைக்கு ஒன்றும் கெடவில்லை.
எழுதியவள் நான்தான், அதில் சந்தேகமில்லை.
பிழையே இல்லாமல் எழுதியிருக்கிறேன்,
அதுதான் பயமாக இருக்கிறது.

பக்கத்தில் இரட்டை அடைப்பைப் போட்டுவிட்டேன்.
உள்ளே கர்சர் துடிக்கிறது.
"பெருமாநல்லூர், எறங்குங்க" என்கிறார் கண்டக்டர்.

நான் இறங்க வேண்டியது
இதற்கு முந்தின நிறுத்தம்.