அரைப்பேர்

ஹட்டனில், பாமசிக்கு மேல்மாடியில்
ஆறு கணினி, ஒரு கேத்தல்,
சாத்தினாலும் பனி நுழைகிற ஒரு ஜன்னல்.
இங்கே உட்கார்ந்துதான் நான் உலகத்தை
வட்டமும் கோடுமாகப் பிரிக்கிறேன்.

வட்டம் என்றால் ஒரு பொருள்.
கோடு என்றால் ஓர் உறவு.
கொழுந்து, தேயிலையின் பகுதி.
தேயிலை, செடியில் ஒரு வகை.
மழை, மண்சரிவுக்குக் காரணம்.
அம்புக்குறி போன பக்கமெல்லாம்
மெஷின் நம்பிக்கொண்டே போகும்.

முதல் மாதம் சுகமாகப் போனது.
ஆறு, பாலம், பாடசாலை, மாடசாமி கோயில்
காட்டிய பெட்டிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்தன.
இரண்டாம் மாதம் 'சொந்தம்' வந்தது.
வீடு யாருக்குச் சொந்தம் என்று ஒரு கோடு.
பக்கத்துக் காம்பிராப் பூங்கொடி எனக்குச் சொந்தம்.
நான் படுத்தெழும்பும் காம்பிரா எனக்குச் சொந்தமில்லை.
ஒரே சொல்லை இரண்டாக வெட்டி
ஒரு துண்டில் உறவு என்றும்
மறு துண்டில் உடைமை என்றும் எழுதினேன்.
வெட்டிய இடத்தில் என்னவோ சிந்தியது.
அதற்குப் பெட்டி இருக்கவில்லை.

பிறகு 'பேர்'.
எந்த வட்டத்துக்கும் பேர் கட்டாயம்,
கொழும்பிலிருந்து திலங்க அனுப்பிய விதி.
அவனுக்கு எப்படிச் சொல்ல,
எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் நாட்சம்பளம்,
கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று?
மழையில் நின்றும் நிறுவை காணாத செவ்வந்தி
செக்ரோலில் அன்றைக்குப் பாதிச் செவ்வந்தி.
விளையாட்டாக எழுதிப் பார்த்தேன்,
பேர்: 0.5
எழுத்து வேண்டும், எண் செல்லாது
என்றது சிவப்பில்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கேத்தல் கொதித்து தானாக நின்றது.

ஆனி மழை பிடித்த ஒரு பின்னேரம்
மெஷினிடம் முதல் தரம் கேட்டோம்:
சரிவுக்குக் கீழே, ஏழாம் லயத்தில்
எத்தனை பேர்?

அரை நொடிகூட ஆகவில்லை.
பூச்சியம் என்றது.

அதன் கணக்கில் பிழையில்லை.
விலாசம் உள்ளவரே வசிப்பவர்.
லயத்துக்கு ஏது விலாசம்,
கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு.
பதிவில் இல்லாதது உலகத்தில் இல்லை.
மூடிய உலகம் என்று இதற்குப் பேர்,
கைநூலில் நாற்பதாம் பக்கம்.
படித்தபோது புதிதாகப் படவில்லை.
இந்த விதிக்குள்தான்
எத்தனையோ காலம் குடியிருந்திருக்கிறோம்.

அந்தப் பூச்சியத்துக்குள்
என் மற்றச் செருப்பு கிடக்கிறது.
பூங்கொடியின் பிள்ளை தொட்டிலில்.
தகரம் பறக்காமல் மேலே எட்டுக் கல்.
அடுப்பில் காலையில் வைத்த பருப்பு.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு
அன்றிரவு ஒரு விதியை மாற்றினேன்.
பதிவு இல்லையென்றால் 'இல்லை' என்னாதே,
'தெரியாது' என்று சொல்.
ஒரே வரி. எழுத இரண்டு நிமிஷம்,
எழுதத் துணிய மூன்று மணித்தியாலம்.

விடிந்தபோது வரைபடம் முழுக்க மஞ்சள்.
டிக்கோயாவிலிருந்து சாமிமலை வரைக்கும்
தெரியாது தெரியாது தெரியாது.
மெஷின் இவ்வளவு புத்தியோடு
பேசி நான் கேட்டதில்லை.

திலங்க எடுத்தான்.
"நேற்றுச் சுத்தமாகத்தானே இருந்தது?"
நேற்று ஆளில்லாமல் இருந்தது என்றேன்.
கொஞ்ச நேரம் போனில் மழை மட்டும்,
அங்கேயா இங்கேயா, விளங்கவில்லை.
"சரி, இவ்வளவு மஞ்சளையும்
யார் போய் எண்ணுவது?"

குடையை விரித்தேன்.
கொப்பி நனையாமல் ஷொப்பிங் பையில்.
அட்டை ஏறாமல் காலில் உப்பு.
ஏழாம் லயம், முதல் கதவு.
பிறந்ததிலிருந்து தாண்டிப் போகிற கதவு,
ஒருநாளும் தட்டியதில்லை.

"யாரது?"
என்றது உள்ளேயிருந்து.

முழுப்பேரையும் சொன்னேன்.