பிடிச்சது விடலை

அவிநாசிபாளையத்தில் பிடித்த பிரேக்
பல்லடம் வரை விடவேயில்லை.
சக்கரத்தில் கை வைக்க முடியாத சூடு.

மயிலானந்தன் டப்பா மூடியைத் திருகினான்.
உள் ரப்பர்
ஊறின கொண்டக்கடலையாய் உப்பியிருந்தது.
மோந்து பார்த்தான்.
"ஏனுங்க்கா, பிரேக் ஆயில்ல
ஆருங்க இஞ்சின் ஆயில ஊத்துனது?"

ஒரு மூடிதான் இருக்கும் என்றேன்.

"ஒரு சொட்டுன்னாலும் ஒண்ணுதானுங்.
கழுவுனாப் போகாது.
மாஸ்டர், ஓஸ், நாலு சக்கரத்து ரப்பரு,
எல்லாமே மாத்தோணும்."

பதினோராயிரத்து நானூறு.

முந்தாநாள் ராத்திரி
பேச்சு முறிந்த பிறகு
எதையாவது சரிசெய்துவிட நினைத்து
பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
அவர் ஊற்றியதை
ஜன்னல் வழியே பார்த்தேன்.

பெட்ரோல் பங்க்குல ஆரோ பையனுங்க, என்றேன்.

நம்பாமல் சிரித்து
அவன் குழாயைக் கழற்ற,
தகரத் தட்டில்
கறுப்பாய்ச் சொட்டத் தொடங்கியது.